எங்கள் ஊரில் அவர் இளநீர் மட்டும்தான் குடிப்பார்

எங்கள் ஊரைப் பல்கலைக்கழகம் தத்தெடுத்தது. சிரிக்காதீர்கள், அப்படித்தான் பச்சைப் பலகையில் எழுதி ஊர் எல்லையில் நட்டிருந்தார்கள். ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டியில் வேலை செய்யும் என் வீட்டுக்காரர் அப்போது வடக்கே எங்கோ போர் போட்டுக்கொண்டிருந்தார். நான் பெருமையாகப் போனில் சொன்னதும், "ஏன், நம்மூரு என்ன ஆத்தா அப்பன் இல்லாத புள்ளயா, தத்தெடுக்கறதுக்கு?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஊருக்கு ஒரு நல்லது வரும்போதுதான் இந்த மனுஷனுக்கு நொட்டை சொல்லத் தோன்றும் என்று திட்டிவிட்டுப் போனை வைத்தேன். இப்போது அதை நினைத்தால் என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

நாமகிரிப்பேட்டை சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். மரவள்ளி, மஞ்சள், மழை பெய்தால் கொஞ்சம் சோளம். வெளியே சொல்லிக்கொள்ள ஊரில் ஒன்றுமே கிடையாது, தண்ணீரைத் தவிர. சுற்றுவட்டாரத்தில் எங்கே போர் போட்டாலும் உப்புத் தண்ணிதான் வரும். எங்கள் ஊர்ப் பொதுப் போரில் மட்டும் தொள்ளாயிரம் அடிக்குக் கீழே நல்ல தண்ணி கிடைத்தது. அந்தப் போரைப் போட்ட வண்டியில் நின்றவர் என் வீட்டுக்காரர்தான். கலங்கல் தெளிந்ததும் முதல் கை அள்ளிக் குடித்தவரும் அவர்தான். பக்கத்து ஊர்க்காரர்கள் மொபெட்டில் குடத்தைக் கட்டிக்கொண்டு வந்து பிடித்துப் போவார்கள். அவர்கள் வரிசையில் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் கர்வம்தான்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டு வாசலுக்கு யார் வந்தாலும், வந்த காரியத்தைக் கேட்பதற்கு முன்னால் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து நீட்ட வேண்டும். வந்தவர்களும் தாகம் இருக்கிறதோ இல்லையோ ஒரு வாயாவது குடிக்க வேண்டும். பேச்சு வார்த்தை இல்லாத பங்காளி, சண்டைக்கு வந்தவன், இப்படிப்பட்டவர்கள்தான் நீட்டிய சொம்பை வாங்க மாட்டார்கள். என் மகளுக்கு மூன்று வயதிலேயே இது தெரியும். யாராவது படலைத் திறந்தால் போதும், தன்னைவிடக் கனமான சொம்பைத் தூக்கிக்கொண்டு தளும்பத் தளும்ப ஓடுவாள்.

தத்தெடுப்புக்குப் பொறுப்பாக ஒரு பேராசிரியை வந்தார். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், ஏறக்குறைய என் வயதுதான் இருக்கும். மகளிர் குழுத் தலைவி நான், அதனால் முதலில் என்னைத்தான் தேடி வந்தார். நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். அவர் அதைத் தள்ளிவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அதிலேயே நான் பாதி விழுந்துவிட்டேன். என் மகள் சொம்பை நீட்டியதும் அண்ணாந்து மடமடவென்று குடித்துவிட்டு, இவ்வளவு நல்ல தண்ணீரை இந்தப் பக்கத்தில் குடித்ததே இல்லை என்று சொல்லி இன்னொரு சொம்பு கேட்டு வாங்கிக் குடித்தார். மீதியும் போயிற்று. அன்றிலிருந்து அவர் எனக்கு மேடம் இல்லை, ஒறம்பரை. எங்களுக்கு ஒறம்பரை என்றால் பெண் கொடுத்து எடுத்த சொந்தம் மாதிரி. வாய் நிறைய என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

மாணவர்களை வைத்து ஊர்த் தண்ணீரையெல்லாம் பரிசோதிக்கப் போகிறோம் என்று ஒரு நாள் சொன்னார். பொதுப் போரிலும் தோட்டத்துக் கிணறுகளிலும் பாட்டிலில் பிடிக்க வேண்டும். ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. பாட்டிலில் பிடித்துப் போய் மீட்டர் மாட்டுவார்கள் என்றான் ஒருவன். தண்ணீர் கம்பெனிக்காரனுக்கு விற்கப் பார்க்கிறார்கள் என்றான் இன்னொருவன். தென்னந்தோப்புப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். முதுகு வளைந்து, முட்டி மடங்காமல், கழியை ஊன்றிக்கொண்டுதான் நடப்பார். அவர் தன் கிணற்றுப் பக்கமே மாணவர்களை விடவில்லை. நான்தான் வீடு வீடாகப் போனேன். பெரியவரிடம் மூன்று முறை போனேன். மூன்றாவது முறை, "அவிங்களுக்கு நான் பொறுப்புங்க மாமா. ஒண்ணு கெடுதல் வந்தா என்னையக் கேளுங்க" என்று சொன்னேன். அவர் என்னையே பார்த்துவிட்டு, நீ சொல்வதால் கொடுக்கிறேன் என்று சொல்லித் தன் கையாலேயே பாட்டிலில் பிடித்துக் கொடுத்தார்.

பாட்டில்கள் அட்டைப்பெட்டியில் ஏறி வேனில் போயின. எந்தெந்தக் கிணறு என்று பெயர் எழுதி ஒட்டியதே நான்தான். முடிவு வந்ததும் சொல்கிறேன் அக்கா என்றார். அடுத்த முறை அவர் வர மூன்று மாதம் ஆனது. முடிவைப் பற்றிக் கேட்டேன். இன்னும் வரவில்லை, லேபில் வேலை அதிகம் என்றார். லேப் என்றால் எங்களுக்கு என்ன தெரியும், சரி என்று விட்டுவிட்டோம்.

அந்த முறைதான் மகள் நீட்டிய சொம்பை அவர் வாங்கவில்லை. இப்போதுதான் பஸ்ஸில் குடித்தேன் கண்ணு என்று சொல்லி அவள் கன்னத்தைத் தட்டினார். பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கடுத்த முறை விரதம் என்றார். மூன்றாவது முறை வேனிலிருந்து மாணவர்கள் ஒரு பெரிய தண்ணீர் கேனை இறக்கினார்கள். என் நெஞ்சில் முள் தைத்தது. நாம் என்ன தப்புச் செய்தோம் என்று யோசித்து யோசித்து, சொம்புதான் சரியில்லை என்று முடிவு செய்தேன். புளி போட்டுத் தேய்த்தேன். பொன் மாதிரி மின்னியது. அப்போதும் அவர் வாங்கவில்லை. பட்டணத்தில் கண்ணாடித் தம்ளரில் குடித்துப் பழகியவர், சொம்பில் அண்ணாந்து குடிக்கக் கூச்சமாக இருக்கும் என்று தோன்றியது. சேலத்துக்கு ஒரு சாவுக்குப் போனவள், திரும்பும்போது செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதியில் இறங்கி, வெயிலில் நாலு கடை ஏறி ஆறு கண்ணாடித் தம்ளர் வாங்கி மடியில் வைத்து உடையாமல் கொண்டுவந்தேன். அந்தத் தம்ளரையும் அவர் தொடவில்லை. கீழே வைத்துவிட்டு, பேச்சோடு பேச்சாகத் தள்ளி வைத்தார்.

குழுவில் ஒருத்தி, அவங்க என்ன சாதியோ, நம் கையால் குடிக்க மாட்டார்கள் போல என்று ஆரம்பித்தாள். நான் அவளைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டேன். முதல் நாள் ரெண்டு சொம்பு குடித்தபோது உன் கண் எங்கே போயிருந்தது என்று கேட்டேன். அந்த ரெண்டு சொம்பை நான்தான் மறக்காமல் வைத்திருந்தேன். ஆனால் அதைக் குடித்தது பாட்டில் போவதற்கு முன்னால், நிறுத்தியது பாட்டில் போனதற்குப் பின்னால் என்று கூட்டிப் பார்க்கிற புத்திதான் எனக்கு இல்லை. ஒறம்பரையைச் சந்தேகப்படுகிற பழக்கம் எங்களுக்குக் கிடையாது. குறை நம்மிடம்தான் இருக்கும் என்று நினைப்போம்.

ஒரு நாள் தோப்புப் பெரியவர் இளநீர் வெட்டிக் கொடுத்தார். மேடம் அதைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். ஊருக்கே நிம்மதியானது. அதற்குப் பிறகு அவர் வருகிறார் என்று போன் வந்தால் போதும், பெரியவர் ஆள் விட்டு ஒரு குலையை இறக்கி வைத்துவிடுவார். முட்டி வலியோடு தானே உட்கார்ந்து சீவிக் கொடுப்பார். வேறு யாரையும் சீவ விடமாட்டார். எங்கள் வீட்டில் மேடம் சாப்பிடுவதும் நின்றுபோனது. வறுத்த நிலக்கடலை, இல்லையென்றால் ஒரு வாழைப்பழம், அவ்வளவுதான். யாருக்கும் சிரமம் கொடுக்காத அம்மா என்று ஊரில் பேசிக்கொண்டோம்.

சும்மா சொல்லக்கூடாது, ஐந்து வருஷத்தில் நிறைய வந்தார்கள். வேப்பங்கன்று நட்டார்கள், நட்ட இடத்திலேயே அடுத்த வருஷமும் நட்டார்கள். கை கழுவுவது எப்படி என்று நாடகம் போட்டார்கள். எது செய்தாலும் முதலில் பேனரைக் கட்டி, அதற்கு முன்னால் எங்களை நிறுத்திப் படம் எடுத்தார்கள். ஒரு முறை பேனர் வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது, காலையில் பெருக்கி முடித்த தெருவை மறுபடி பெருக்கச் சொன்னார்கள். நாங்களும் பெருக்கினோம். எங்களுக்கு அது விளையாட்டாக இருந்தது.

நாலாவது வருஷம் பல் முகாம் என்று ஒன்று நடத்தினார்கள். பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, படம் எடுத்து, ஆளுக்கொரு பிரஷ்ஷும் பேஸ்ட்டும் கொடுத்தார்கள். காலையும் இரவும் தேய்க்க வேண்டும் என்று ஒரு பெரிய பொம்மைப் பல்லை வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். என் மகளுக்கு அப்போது ஏழு வயது. முன்பல் விழுந்து புதுப் பல் முளைத்திருந்தது. முளைக்கும்போதே அதில் பழுப்பாகக் கோடு கோடாக இருந்தது, சுண்ணாம்பு அப்பியது போலத் திட்டும் இருந்தது. எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் இருந்தது. ஊர் வாகு என்று நினைத்திருந்தோம்.

முகாம் முடிந்த பிறகு எனக்கு அது வாகாகத் தெரியவில்லை, அழுக்காகத் தெரிந்தது. படித்தவர்களே வந்து பிரஷ் கொடுத்துத் தேய்க்கச் சொல்கிறார்கள் என்றால், இவள் தேய்ப்பதில்லை என்றுதானே அர்த்தம்? காலையில் பக்கத்திலேயே நின்று தேய்க்க வைத்தேன். கோடு போகவில்லை. உப்பும் கரியும் போட்டு நானே தேய்த்துவிட்டேன், ஈறு கிழிந்து ரத்தம் வந்தது. தேய்த்தேன்மா தேய்த்தேன்மா என்று அழுவாள். பொய் சொல்கிறாயா என்று முதுகில் வைத்திருக்கிறேன். ஒரு நாள் இல்லை, ரெண்டு நாள் இல்லை. பள்ளிக்கூடத்தில் யாரோ மஞ்சள் மண்டி என்று கூப்பிட்டார்களாம். அன்றிலிருந்து சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்ளப் பழகிவிட்டாள். அதற்கும் திட்டினேன். ஒழுங்காக விளக்கினால் ஏன் மூட வேண்டும் என்று கேட்டேன்.

ஐந்தாவது வருஷம், பல்கலைக்கழகத்துக்குத் தரம் போட ஒரு குழு வருகிறது என்று மேடம் சொன்னார். சுற்றியுள்ள ஊர்களுக்கு என்ன செய்தார்கள் என்று அந்தக் குழு பார்க்குமாம். தத்தெடுத்த ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து பேச வேண்டுமாம். பெண்கள் எல்லோருக்கும் ஒரே நிறத்தில் நீலப் புடவை வந்தது. என்ன பேச வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். தாள் எதற்கு, உங்களைப் பற்றிப் பேச எனக்குத் தாள் வேண்டுமா என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். பஸ் அனுப்பினார்கள். முப்பது பேர் போனோம். தோப்புப் பெரியவரும் கழியோடு வந்தார், என்னை நம்பித்தான்.

குளிர்சாதன அரங்கம். மேடையில் குழுவைச் சேர்ந்த மூன்று பேர், தமிழ் தெரியாதவர்கள். நான் பேசப் பேச ஒருவர் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு மேடைப் பயமெல்லாம் கிடையாது. வேப்பங்கன்றைச் சொன்னேன், பல் முகாமைச் சொன்னேன். கடைசியில் மனதில் இருந்ததைச் சொன்னேன்.

"இந்த மேடம் எங்களுக்குக் கூடப் பொறந்த பொறப்பு மாதிரிங்க. அஞ்சு வருசமா வந்து போறாங்க, எங்க யாருக்கும் ஒரு செரமம் குடுத்ததில்லீங்க. எங்க ஊட்டுல ஒரு வாய் சோறு, ஒரு சொட்டுத் தண்ணி கேட்டதில்லீங்க. எளநி மட்டுந்தானுங்க குடிப்பாங்க."

மொழிபெயர்த்ததும் மூன்று பேரும் சிரித்தார்கள். அரங்கமே கை தட்டியது. நான் மேடத்தைப் பார்த்தேன். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த அவர் கை தட்டவில்லை. தலையைக் குனிந்து கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தார். பாராட்டினால் கூச்சப்படுகிற மனசு என்று நினைத்துக்கொண்டு கீழே இறங்கினேன். அந்த மண்டபத்தில் அன்றைக்கு என்னைவிடப் பெரிய முட்டாள் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

சாப்பாட்டுக்கு முன்னால் பக்கத்துக் கூடத்தில் கண்காட்சி. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பெரிய அட்டை, அதன் பக்கத்தில் விளக்கம் சொல்ல ஒரு மாணவி. எழுத்தெல்லாம் இங்கிலீஷ். நான் பன்னிரண்டாவது வரை படித்தவள், எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன். எங்கள் ஊர்ப் பெயர் இருந்த அட்டையைக் கண்டுபிடித்துச் சிரித்துக்கொண்டே கிட்டப் போனேன். அதில் ஒரு குழந்தையின் வாய் மட்டும் பெரிதாகப் படம் போட்டிருந்தது. கண்ணும் மூக்கும் கிடையாது. ரெண்டு உதடு, பழுப்புக் கோடு விழுந்த நாலு பல். கீழ் உதட்டில் ஒரு சின்னத் தழும்பு. ரெண்டு வயதில் அம்மிக்கல் விளிம்பில் விழுந்து கிழித்துக்கொண்ட தழும்பு. ரத்தத்தை நிறுத்த அதன் மேல் சர்க்கரை வைத்து அழுத்தியவள் நான். பெற்றவளுக்கு முகம் எதற்கு?

இது என்ன கண்ணு என்று அந்த மாணவியிடம் கேட்டேன். யாராவது கேட்க மாட்டார்களா என்று காலையிலிருந்து நின்றிருப்பாள் போல. முகம் மலர்ந்து மனப்பாடமாகச் சொன்னாள். இந்த ஊர்க் குடிநீரில் ஃபுளோரைடு அளவுக்கு மேல் இருக்கிறதாம். சின்ன வயதில் குடித்தால் பல் உருவாகும்போதே உள்ளே இப்படிக் கோடு விழுந்துவிடுமாம், எவ்வளவு தேய்த்தாலும் போகாதாம். வயதானவர்களுக்கு முட்டியும் முதுகும் இறுகிவிடுமாம். கேட்கக் கேட்க என் காதில் என் மகள் அழுகிற சத்தம்தான் இருந்தது. தேய்த்தேன்மா, தேய்த்தேன்மா.

"இது எப்பக் கண்டுபுடிச்சீங்க சாமி?"

"முதல் வருஷமேங்க. இங்க போட்டிருக்கு பாருங்க, முதல் சாம்பிள்லயே வந்துருச்சு."

அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபமில்லை. நான் எந்த ஊர்க்காரி என்று அவளுக்குத் தெரியாது. முதல் வருஷம் என் மகளுக்கு மூன்று வயது. சொம்பைத் தூக்கிக்கொண்டு ஓடிய வயது. விழுந்து முளைக்க வேண்டிய பல்லெல்லாம் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருந்த வயது. அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், எத்தனை தூரமானாலும் தலையில் சுமந்து வேறு தண்ணீர் கொண்டுவந்திருப்பேன்.

மேடத்தை வராந்தாவில் பிடித்தேன். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. மெதுவாகப் பேசுங்கள் அக்கா, குழு உள்ளே இருக்கிறது என்றார். நான் மெதுவாகத்தான் பேசினேன், எனக்கே ஆச்சரியம். அவர் ஏதேதோ சொன்னார். ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவருவதற்கு முன்னால் வெளியில் சொல்லக்கூடாதாம். கட்டுரை வர ரெண்டு வருஷம் ஆனதாம். பிறகு மேலே கேட்டாராம், ஊரில் பீதி கிளம்பும், இப்போது வேண்டாம் என்றார்களாம். அப்புறம் எப்படிச் சொல்வது என்று தெரியாமலே நாள் போய்விட்டதாம்.

"முன்னாடியே சொல்லியிருந்தா ஊருக்குள்ள விட்டிருப்பீங்களா அக்கா? பயமா இருந்துச்சு" என்றார். அழுதுவிட்டார்.

"அது சரிங்க. நீங்க மட்டும் குடிக்காம இருந்தீங்களே, அது எப்படீங்க?"

அவர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார்.  என் மகளின் கையிலிருந்த சொம்பைப் பார்த்து, பஸ்ஸில் குடித்தேன் கண்ணு என்று கன்னத்தைத் தட்டிய கை அதுதான். அவள் எத்தனை முறை நீட்டினாள், எத்தனை முறை தட்டினார். அந்தக் கன்னத்தைத் தட்டியதற்குப் பதில் ஓங்கி ஒரு அறை அறைந்து, நீயும் குடிக்காதே என்று சொல்லியிருந்தால் காலம் பூரா கும்பிட்டிருப்பேன்.

பஸ்ஸில் எல்லோரும் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். நான் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன்.  ஒருத்தி, எல்லாம் தெரிந்துதானே எங்களைக் கூட்டிப் போனாய் என்று கத்தினாள். இன்னொருத்தி, தலைவிக்கு என்ன கொடுத்தார்களோ என்றாள்.  தோப்புப் பெரியவர் முன் சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார், முட்டி மடங்காததால். அவர் திரும்பக்கூட இல்லை.

"நீ பொறுப்புன்னு சொன்னயேன்னுதான் அம்முணி பாட்டல்ல புடிச்சுக் குடுத்தேன்" என்றார். அவ்வளவுதான். கத்தியவளுக்கு நான் பதில் சொல்லியிருக்கலாம், இவருக்கு என்னவென்று சொல்வேன்? எனக்கு மேடம் செய்தது எதுவோ, அதையே இவருக்கு நான் செய்திருந்தேன், தெரியாமல். தெரியாமல் என்பதை யாரிடம் போய் நிரூபிப்பது?

வீட்டுக்காரருக்கு மறுநாள் போன் செய்தேன்.  நான் சொல்லி முடித்ததும், "அந்தப் போர் நாம போட்டதுதான?" என்று மட்டும் கேட்டார். தத்தெடுத்ததைப் பற்றி அவர் சொன்ன கேலியை அவரும் நினைவுபடுத்தவில்லை, நானும் பேசவில்லை.

அப்புறம் வேலைகள் நடந்தன. பலகையைப் பிடுங்கிச் சாக்கடைக்குக் குறுக்கே பாலமாகப் போட்டார்கள். நீலப் புடவையை ஒருத்தி சோளக்காட்டுப் பொம்மைக்குக் கட்டிவிட்டாள், அதற்கு அது நன்றாகத்தான் இருந்தது. ஒன்றிய அலுவலகத்துக்கு நான் நடையாய் நடந்தேன். அந்த அட்டையை என் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன், அதைக் காட்டிக் காட்டியே கேட்டேன். காவிரித் தண்ணீர் குழாயை எங்கள் ஊர் வரைக்கும் இழுத்தார்கள். வாரத்துக்கு ஒரு நாள் வருகிறது, பிடித்து வைத்துக் குடிக்கிறோம். ஊரில் என்னோடு மறுபடி பேச ஆரம்பித்தார்கள். பெரியவர் மட்டும் என் வீட்டு வழியாகப் போகும்போது கழியைப் பார்த்துக்கொண்டே போவார்.

ஊரெல்லாம் சொன்னேன், அலுவலகத்தில் சொன்னேன், பக்கத்து ஊருக்குப் போய்க்கூடச் சொன்னேன். என் மகளிடம் மட்டும் சொல்லவில்லை. குழாய் மாறியது அவளுக்குத் தெரியும். ஏன் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அந்த அடிக்கெல்லாம் கணக்குச் சொல்ல வேண்டும். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நானும் நாளைத்தான் கடத்தினேன், அந்த மேடத்தைப் போலவே.

மாசியில் ஒரு மத்தியானம் படல் சத்தம் கேட்டது. தையல் மிஷினிலிருந்து எட்டிப் பார்த்தால் மேடம். வேன் இல்லை, மாணவர்கள் இல்லை. டவுன் பஸ்ஸில் வந்து, சாலையிலிருந்து வெயிலில் நடந்து வந்திருந்தார். முகம் கறுத்து, உதடு காய்ந்திருந்தது. நான் வாங்க என்று சொல்லவில்லை. அவரும் உள்ளே வரவில்லை, படலுக்கு வெளியிலேயே நின்றார்.

அதற்குள் என் மகள் உள்ளேயிருந்து சொம்போடு ஓடி வந்துவிட்டாள். வழக்கம் அப்படி. ஒரு கையால் சொம்பை நீட்டினாள், இன்னொரு கையால் வாயை மூடியிருந்தாள். மேடம் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு எந்தத் தண்ணீர் என்றுகூடக் கேட்காமல் ரெண்டு கையையும் நீட்டிச் சொம்பை வாங்கப் போனார். குடித்திருப்பாரா, மாட்டாரா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள எனக்கு ஆசையும் இல்லை. ஓடிப்போய் மகளின் கையிலிருந்து சொம்பைப் பிடுங்கி என் இடுப்போடு வைத்துக்கொண்டேன்.

"எங்க ஊட்டுல உங்களுக்குத் தண்ணி இல்லீங்க. போயிட்டு வாங்க" என்றேன்.

என் வாசலுக்கு வந்தவர்கள் யாரையும் நான் அப்படி அனுப்பியதில்லை. அவர் குனிந்து மகளிடம்தான் சொன்னார். "உன் பல்லு மேல தப்பு இல்ல பாப்பா. அது தண்ணியால வந்தது. எங்களுக்குத் தெரிஞ்சும் சொல்லல" என்றார். சொல்லிவிட்டு வந்த வழியே நடந்தார். மரவள்ளிக் காடு தாண்டி மறையும் வரைக்கும் என் மகள் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் சொம்பைப் பிடித்தபடி நின்றேன்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். வாயிலிருந்து கையை எடுத்திருந்தாள்.

"அப்ப நான் பல்லு ஒழுங்காத்தானம்மா வெளக்குனேன்?" என்று கேட்டாள்.

"ஆமா சாமி. ஒழுங்காத்தான் வெளக்குன" என்றேன்.